அழுத்தாத கடிகாரம்

அழுத்தவில்லை. யானையை ஒரு கட்டம் நகர்த்தினார், விரலை எடுத்தார், தாளில் குறித்துக்கொண்டார், பேனாவுக்கு மூடி போட்டார், நாற்காலியில் சாய்ந்து இரண்டு கையையும் தொப்பைமேல் கோத்துக்கொண்டார். கடிகாரத்தை மட்டும் அழுத்தவில்லை. அவர் பக்கத்து எண்கள் ஓடிக்கொண்டிருக்கின்றன. பதினொன்று இருபது, பதினொன்று பத்தொன்பது, பதினொன்று பதினெட்டு. என் பக்கத்தில் இருபத்துமூன்று நிமிஷம் அசையாமல் நிற்கிறது. காயை நகர்த்தியதும் கடிகாரத்தை அழுத்தணும், அப்போதுதான் நம் நேரம் நின்று எதிராளியின் நேரம் ஓடும், நம் நேரம் பூஜ்யத்துக்குப் போனால் பலகையில் என்ன இருந்தாலும் தோல்விதான். இதை ஆறு வயசுப் பிள்ளைக்கு முதல் நாளே சொல்லிக்கொடுத்துவிடுவார்கள். இவருக்கு அறுபத்தேழு வயசு. ஐம்பது வருஷமாக ஆடுகிறார். பேராசிரியர் வைத்தமாநிதி. விசிட்டிங் கார்டில் சதுரங்க வரலாற்று ஆய்வாளர் என்று போட்டிருக்கிறது, அதற்குக் கீழே ஒரு கிரீடம் வேறு. கிரீடத்தை அச்சடிக்கத் தெரிகிறது, இரண்டு விரலால் ஒரு பொத்தானை அழுத்தத் தெரியவில்லை. அழுத்தியாயிற்று என்று நினைத்துக்கொண்டு என்னையே பார்க்கிறார். நான் யோசிக்கிறேனாம். இவ்வளவு நேரம் யோசிக்கிறாளே, திணறுகிறாள் போல, என்று அந்தத் தொப்பைக்குள் ஒரு சந்தோஷம் புரண்டுகொண்டிருக்கும்.

சொல்லலாம். சார், கடிகாரம். இரண்டே வார்த்தை. சொல்ல வேண்டும் என்று சட்டம் இல்லை, சொல்லக்கூடாது என்றும் இல்லை. நடுவர்தான் சொல்லக்கூடாது. தஸ்லிமா இரண்டு தடவை எங்கள் மேஜையைக் கடந்து போய்விட்டாள், கடிகாரத்தைப் பார்த்தாள், அவர் முகத்தைப் பார்த்தாள், என் முகத்தைப் பார்த்தாள், உதட்டை மடித்துக்கொண்டு போனாள். அவள் வாயை விதி கட்டியிருக்கிறது. என் வாயை எது கட்டியிருக்கிறது? மூன்றாவது சுற்றில் ஒரு ரயில்வேக்காரர், கரூர்க்காரர், இதே மாதிரி மறந்தபோது உடனே கை காட்டினேன். அவர் நெஞ்சில் கை வைத்து நன்றி சொன்னார். அப்படியென்றால் நான் நல்லவள்தான். ரயில்வேக்காரர்களுக்கு நல்லவள். திண்டுக்கல் கல்யாண மண்டபத்தில் கடைசிச் சுற்று, ஞாயிற்றுக்கிழமை காலை பதினொன்றரை மணி, மேடையில் போன முகூர்த்தத்தின் தெர்மாகோல் எழுத்துகள் பாதி பிய்ந்து தொங்குகின்றன, மாப்பிள்ளை பெயர் போய்விட்டது, பெண்ணின் பெயரில் நான்கு எழுத்து மிச்சம். பின்கட்டிலிருந்து சாம்பார் கொதிக்கிற வாசனை. நூற்றிருபது பேர் தலை குனிந்து உட்கார்ந்திருக்கிறார்கள். நூற்றிருபது பேருக்கும் தாங்கள் ஒரு மேதை, காலம்தான் கவனிக்கவில்லை என்று எண்ணம். இதில் நானும் ஒருத்தி. அங்கயற்கண்ணி, ஐம்பத்தாறு வயசு, தபால் துறையில் விளையாட்டு ஒதுக்கீட்டில் சேர்ந்து முப்பது வருஷம் கடிதம் பிரித்துப் போட்டுவிட்டு விருப்ப ஓய்வு வாங்கியவள். மாநிலப் பெண்கள் பட்டம் இரண்டு தடவை. முழங்கால் வலிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டு வந்திருக்கிறேன். பக்கத்து மேஜைக்காரர் மூக்கைச் சுளிக்கிறார், சுளிக்கட்டும்.

பத்து நிமிஷம் ஐந்து விநாடி. காலையில் பொங்கல் தட்டோடு நின்று இவர் அடித்த பேச்சு இன்னும் காதில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. இவரைச் சுற்றி எப்போதும் நான்கு பேர் இருப்பார்கள். எங்கே போனாலும் எப்படித்தான் நான்கு பேர் கிடைக்கிறார்களோ. பல்லிடுக்கில் மிளகு மாட்டிக்கொண்டிருக்க, வேரா மென்சிக் என்று ஒரு பொம்பளை இருந்தா, உலகத்தோட முதல் பெண் சாம்பியன், ஒரு தடவை ஆம்பளைங்களோட போட்டிக்கு வந்தா, வியன்னாக்காரன் ஒருத்தன் சிரிச்சான், இவகிட்டத் தோக்கிறவனையெல்லாம் ஒரு கிளப்பா சேர்ப்போம், அதுக்கு மென்சிக் கிளப்புன்னு பேர் வைப்போம்னான், என்று சொல்லி, கதையை அங்கேயே நிறுத்தி, என்னைப் பார்த்துவிட்டு, "நான் அந்தக் கிளப்ல மெம்பர் இல்லைப்பா, நாப்பது வருஷமா ஒரு லேடிகிட்டயும் தோத்ததில்லை" என்றார். நான்கு பேரும் சிரித்தார்கள். கதையின் மிச்சத்தை யாரும் கேட்கவில்லை, இவரும் சொல்லவில்லை. அந்த வியன்னாக்காரன்தான் அதே போட்டியில் அவளிடம் முதலில் தோற்று அந்தக் கிளப்பின் முதல் உறுப்பினர் ஆனான். பின்னால் உலக சாம்பியனான டச்சுக்காரர் அவளிடம் தோற்றார். பிரிட்டன் பட்டத்தை மூன்று தடவை ஜெயித்த நம் சுல்தான் கானும் தோற்றார். முப்பத்தெட்டு வயசில், யுத்தத்தில், லண்டனில் அவள் வீட்டின்மேல் குண்டு விழுந்து அம்மா, தங்கை, அவள், கோப்பைகள் எல்லாம் ஒரே புழுதி. அதைச் சொல்ல வேண்டியதுதானே. சொல்ல மாட்டார். இவருக்கு வரலாறு என்பது தாம்பூலப் பை மாதிரி, தேங்காயை எடுத்துக்கொண்டு வெற்றிலையைத் தூர எறிந்துவிடுவார்.

ஒன்பது நாற்பது. வலது நாசியில் ஒரு மயிர் நீட்டிக்கொண்டிருக்கிறது. மூச்சு விடும்போது அது ஆடுகிறது. நாற்பது வருஷமாக இந்த ஆளை வெறுத்ததில் இந்த மயிரை இன்றைக்குத்தான் பார்க்கிறேன். இவர் சொல்லும் கதைகள் எல்லாம் இப்படித்தான் ஆடும். அமெரிக்காவின் மார்ஃபி குளியல் தொட்டியில் செத்தபோது சுற்றிலும் பெண்களின் செருப்புகளை வட்டமாக அடுக்கியிருந்தான் என்பார். தொட்டியில் செத்தது நிஜம், செருப்பு எவனோ கட்டிவிட்டது. இருபத்தோரு வயசில் ஐரோப்பாவையே அடித்துப்போட்டுவிட்டு ஊருக்கு வந்து, இது ஒரு வேலையா என்று ஆட்டத்தைத் தூக்கி எறிந்துவிட்டு வக்கீல் தொழிலுக்குக் கட்சிக்காரன் வராமல் உட்கார்ந்திருந்தவன் அவன். ஸ்டைனிட்ஸ் கடவுளோடு டெலிபோனில் சதுரங்கம் ஆடினார், ஒரு சிப்பாயை விட்டுக்கொடுத்து ஆடினார் என்று சொல்லி இவர் கண்ணைச் சுழற்றுவார். முதல் உலக சாம்பியன் கடைசியில் மனநோய் ஆஸ்பத்திரியில் கையில் காசில்லாமல் செத்தார், அவ்வளவுதான் உறுதியாகத் தெரிந்தது. உலக சாம்பியன் கபாபிளாங்கா எட்டு வருஷம் ஒரு ஆட்டம்கூடத் தோற்கவில்லை, அந்தத் திமிரில் எதிராளி அலெகினை லேசாக நினைத்தார், பட்டம் போயிற்று. அலெகின் அதற்குப் பிறகு பதினைந்து வருஷம் அவருக்கு மறு ஆட்டம் கொடுக்காமலே இழுத்தடித்தார், பயம், பயம்தான், குடி வேறு, கடைசியில் போர்ச்சுக்கல் ஓட்டல் அறையில் மேல்கோட்டோடு நாற்காலியில் செத்துக் கிடந்தார், பக்கத்தில் அடுக்கி வைத்த சதுரங்கப் பலகை. ரூபின்ஸ்டைன் மனிதர்களைக் கண்டாலே மிரண்டு, காயை நகர்த்திவிட்டு மூலைக்குப் போய் ஒளிந்துகொள்வார். ஃபிஷர் காமிரா சத்தம் பிடிக்கவில்லை என்று உலகப் பட்ட ஆட்டத்துக்கே வராமல் இருந்தார், அப்புறம் ஜெயித்தார், அப்புறம் இருபது வருஷம் காணாமல் போனார். அறுபத்துநாலு வயசில் செத்தாராம், பலகையில் அறுபத்துநாலு கட்டமாம், இதைச் சொல்லும்போது வைத்தமாநிதிக்குக் கண் கலங்கும். எனக்குக் கலங்காது. பெரிய மூளைகள்தான். அந்த மூளையை வைத்துக்கொண்டு சேர்ந்து வாழத் தெரியாத, தோற்கத் தெரியாத, நாலு பேருக்கு நடுவில் சோறு தின்னத் தெரியாத கூட்டம். சுல்தான் கான் ஒருவர்தான் மனுஷராகத் தெரிகிறார். பஞ்சாபுக்குத் திரும்பி வந்து விவசாயத்தைப் பார்த்தார், பிள்ளைகளிடம் இதைவிட உபயோகமாக ஏதாவது செய்யுங்கள் என்றாராம். என்னிடமும் யாராவது சொல்லியிருக்கலாம். சொன்னார்கள், என் வீட்டுக்காரர் தினமும் சொன்னார், அவர் சொன்ன விதத்தில் கேட்கத் தோன்றவில்லை.

எட்டு நிமிஷம் ஐம்பது. தஸ்லிமா மூன்றாவது தடவை வந்துவிட்டாள். எங்கள் மேஜைக்குப் பின்னால் நிற்கிறாள். அவளுக்குப் புரிந்துவிட்டது, இந்த அம்மா வேண்டுமென்றே பேசாமல் உட்கார்ந்திருக்கிறாள் என்று. முதுகில் அவள் பார்வை சுடுகிறது. இப்போது சொன்னால்கூட, இவ்வளவு நேரம் கழித்தா சொன்னாள் என்பாள். இரண்டு நிமிஷத்துக்கு முன்னால் சொல்லியிருந்தால் நல்லவள், இப்போது சொன்னால் நாடகக்காரி, சொல்லாவிட்டால் திருடி. திருடியாகவே இருந்துவிட்டுப் போகிறேனே. இவர் நாற்பது வருஷம் திருடராக இருக்கவில்லையா. கழுத்துக்குப் பின்னால் வியர்வை வழிகிறது, மின்விசிறி தலைக்கு மேலேதான் சுற்றுகிறது, காற்று மட்டும் பக்கத்து மேஜைக்குப் போகிறது. திருப்பூவனூர்க் கோயில் கதையை இவர் ஒவ்வொரு கூட்டத்திலும் சொல்வார். நீடாமங்கலத்துக்குப் பக்கத்தில், ராஜகுமாரி ஒருத்தி, சதுரங்கத்தில் அவளை யாரும் ஜெயிக்க முடியாது, சிவபெருமானே கிழவர் வேஷத்தில் வந்து அவளை ஜெயித்துக் கல்யாணம் பண்ணிக்கொண்டார். கேட்கிறவர்கள் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். நானும் சின்ன வயசில் போட்டுக்கொண்டேன். அப்புறம்தான் உறைத்தது, ஒருத்தி யாரிடமும் தோற்கவில்லை என்றால் அவளைத் தோற்கடிக்கக் கடவுளே இறங்கி வர வேண்டியிருக்கிறது. மனுஷன் தோற்றுவிட்டுப் பேசாமல் போகலாமே. அது முடியாது. பலகையிலும் அப்படித்தான். ஆதியில் ராணி கிடையாது, மந்திரிதான், மூலைவாட்டில் ஒரு கட்டம் தத்தித் தத்திப் போகிற மந்திரி. ஐரோப்பாவில் அவனை ராணியாக்கி, பலகை முழுக்க ஓடவிட்டார்கள், ஓடவிட்டதும் பயந்துபோய் அந்த ஆட்டத்துக்கே பைத்தியக்கார ராணி ஆட்டம் என்று பெயர் வைத்தார்கள். பயம் வந்தால் பெயர் வைப்பார்கள். எனக்கும் ஒரு பெயர் இருந்தது திருச்சியில். கண்ணாடிக் கோழி. அப்போது பெரிய கண்ணாடி போட்டிருந்தேன்.

திருச்சி. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தெட்டு, மே மாதம், மாநில ஓபன் போட்டி. எனக்குப் பத்தொன்பது, இவருக்கு முப்பது, அப்போதே விரிவுரையாளர், அப்போதே நான்கு பேர். நான்காவது சுற்றில் எனக்கு எதிரே உட்கார்ந்தார். நாற்பத்தொன்றாவது நகர்த்தலில் இவருடைய யானை மாட்டிக்கொண்டது, வேறு வழியே இல்லை, எனக்கு ஒரு யானை அதிகம், இவர் ராஜா தனியாக அலைகிறது, ஆட்டம் முடிந்தது. பத்து நிமிஷம் பலகையையே பார்த்தார். எழுந்தார். கையை நீட்டினார். தோல்வியை ஒத்துக்கொள்கிறார் என்று நினைத்து நானும் கையைக் கொடுத்தேன். எவ்வளவு மிருதுவான கை, சாக்பீஸ் பிடித்த கை. "நல்லா ஆடுனேம்மா. டிரா போதும்ல?" என்றார், சத்தமாக, நான்கு பேர் காதிலும் விழும்படி, இரண்டு தாளிலும் ஆளுக்கு அரைப் புள்ளி என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, என் பக்கம் தள்ளினார். நான் பார்த்தேன். இல்லை சார் என்று சொல்ல வேண்டும். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. பக்கத்தில் நின்றவர்களில் ஒருவர், "அட, பேராசிரியரோடவே டிரா பண்ணிட்டியே, பலே" என்றார். நான் சிரித்தேன். ஐயோ, சிரித்தேன். தலையை ஆட்டினேன். கையெழுத்துப் போட்டேன். அந்தக் கையெழுத்து இருக்கிறவரைக்கும் யாரிடம் என்ன சொல்ல முடியும்? அந்த அரைப் புள்ளியில் இவர் அந்த வருஷம் மாநில அணிக்குப் போனார். நான் மதுரைக்கு பஸ் ஏறினேன், துவரங்குறிச்சி வரைக்கும் ஜன்னல் கம்பியில் நெற்றியை வைத்துக்கொண்டு இல்லை சார், இல்லை சார் என்று முணுமுணுத்துக்கொண்டே வந்தேன். எல்லாம் முடிந்த பிறகு என்னமாய்த் தெளிவாக வந்தது அந்த வார்த்தை. நாற்பது வருஷமாக இவரை வெறுத்தது பாதிதான். மிச்சப் பாதி அந்த பஸ்ஸில் உட்கார்ந்திருந்தவளை.

நான்கு நிமிஷம் முப்பது. அதற்குப் பிறகு இவர் எங்கே பேசினாலும் ஒரு லேடிகிட்டயும் தோத்ததில்லை என்று சொல்வது காதுக்கு வந்துகொண்டே இருந்தது. பேட்டியில் சொன்னார், ஒரு பள்ளிக்கூட ஆண்டுவிழாவில் பெண் குழந்தைகளுக்குப் பரிசு கொடுத்துக்கொண்டே சொன்னார். இன்றைக்குக் காலையில் மேஜை எண் பதினான்கு, வைத்தமாநிதி, அங்கயற்கண்ணி என்று தாளில் ஒட்டியிருந்ததைப் பார்த்தபோது எனக்கு மறுபடி பத்தொன்பது வயசு. மூன்று மணி நேரம் ஆடினேன். நன்றாகவே ஆடினேன், இரண்டு சிப்பாய் அதிகம், என் ராணியும் பிஷப்பும் ஒரே மூலைக்கோட்டில் நின்று அவருடைய ராஜாவின் வாசலைக் குறிவைத்துக்கொண்டிருக்கின்றன. இன்னும் இருபது நகர்த்தலில் ஜெயிக்கலாம். அல்லது இந்த நான்கு நிமிஷம் சும்மா இருந்தால் போதும். சும்மா இருப்பது எனக்குக் கைவந்த கலை. ஆனால் நேரத்தில் ஜெயித்தால் இவர் என்ன சொல்வார்? மேலே யோசிக்கவே வேண்டாம், காதிலேயே கேட்கிறது. பொங்கல் தட்டு, மிளகு, நான்கு பேர். பலகையில நான் தோக்கலைப்பா, கடிகாரத்தை அழுத்த மறந்துட்டேன், வயசாச்சுல்ல, அந்தம்மாவும் ஒரு வார்த்தை சொல்லலை. அதுவும் நிஜமாகவே இருக்கும், அதுதான் கொடுமை. வாழ்க்கையில் ஒரு தடவை இந்த ஆள் நிஜம் பேச நானே ஏற்பாடு செய்துகொடுக்கிறேன். சொல்லிவிடு அங்கயற்கண்ணி, சார் கடிகாரம், சொல். வாயைத் திறந்தேன். அப்போது பார்த்தேன்.

அவர் கண். என்னைப் பார்த்துக்கொண்டிருந்த கண் ஒரே ஒரு தடவை, பல்லி நாக்கை நீட்டி இழுக்கிற மாதிரி, கடிகாரத்துக்குப் போய்விட்டு வந்தது. வந்து மறுபடி என் முகத்தில் உட்கார்ந்துகொண்டது, ஒன்றும் நடக்காத மாதிரி. மூன்று நிமிஷம் ஐந்து என்று பெரிய எழுத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது, அதைப் பார்த்த மனிதர் கையை எடுக்கவில்லை. கோத்த விரல்கள் கொஞ்சம் இறுகின, அவ்வளவுதான். தெரியும். இவருக்குத் தெரியும். ஆரம்பத்திலிருந்தே தெரியும். மறக்கவில்லை. தோற்கப்போகிறோம் என்று தெரிந்துகொண்டு, ஒரு பெண்ணிடம் பலகையில் தோற்பதற்குப் பதிலாகக் கடிகாரத்திடம் தோற்றுக்கொண்டிருக்கிறார். எட்டு நிமிஷமாக உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்து, தொப்பைமேல் கை கோத்து, தன் பெருமையைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறார். நான் இங்கே நல்லவளா, திருடியா என்று என் தோலை நானே உரித்துக்கொண்டிருக்கிறேன், இவர் அந்த நேரத்தில் பொங்கல் தட்டோடு சொல்லப்போகிற வாக்கியத்தை மனசுக்குள் திருத்தி எழுதிக்கொண்டிருக்கிறார். சே. என்ன மனுஷன். எத்தனை சின்ன மனுஷன். இவரையா நான் பூதமாக நினைத்துப் பயந்தேன்? இந்த நாசி மயிரையா? சிரிப்பு வந்தது, அடக்கினேன், இருமலாக வெளியே வந்தது. தஸ்லிமா குனிந்து, "தண்ணி வேணுமா மேடம்?" என்றாள். வேண்டாம் என்று தலையாட்டினேன். இப்போது நான் கடிகாரம் என்று சொன்னால், அடடா, தேங்க்ஸ்மா என்று அழுத்திவிட்டு, நல்ல மனசும்மா உனக்கு என்பார், அப்புறம் வேறு ஏதாவது கண்டுபிடிப்பார், நெஞ்சு வலி என்பார். சொல்லாவிட்டால் அவர் எழுதி வைத்த வாக்கியம். எந்தப் பக்கம் போனாலும் இவர் கட்டம்.

ஒரு நிமிஷம் பத்து. அப்போதுதான் பலகையைப் பார்த்தேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது, அவர் யானையை நகர்த்திய பிறகு நான் பலகையையே பார்க்கவில்லை. கடிகாரத்தைப் பார்த்தேன், தொப்பையைப் பார்த்தேன், செத்துப்போன சாம்பியன்களைப் பார்த்தேன், திருச்சியைப் பார்த்தேன். ஆட வந்தவள் ஆட்டத்தைப் பார்க்கவில்லை. இவர் நகர்த்திவிட்டார். விரலை எடுத்துவிட்டார். அழுத்தினாலும் அழுத்தாவிட்டாலும் இப்போது என் முறை, நான் காத்துக்கொண்டிருக்க அவசியமே இல்லை, எப்போது வேண்டுமானாலும் ஆடலாம். பத்து நிமிஷமாக என் முறையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். கழுதை. அவர் ராஜா மூலையில் இருக்கிறது. முன்னால் இரண்டு சிப்பாய், அவருடையவை. என் ராணிக்குப் பயந்து யானையை ராஜாவுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து ஒட்ட வைத்திருக்கிறார், காவலுக்கு. இப்போது ராஜாவைச் சுற்றி மூன்று கட்டத்திலும் அவர் ஆட்கள். மூச்சுவிட இடம் இல்லை. யானை விட்டுவிட்டு வந்த கட்டத்துக்கு முன்கட்டத்தை இப்போது யாரும் காக்கவில்லை. அந்தக் கட்டத்தை என் குதிரை பார்த்துக்கொண்டு நிற்கிறது. பத்து நிமிஷமாகப் பார்த்துக்கொண்டு நிற்கிறது, பாவம், வாயில்லாத ஜீவன். ஐநூறு வருஷத்துக்கு முன்னால் ஸ்பெயினிலேயே எழுதிவைத்துவிட்டார்கள் இந்த செக்மேட்டை, ராஜா தன் ஆட்களாலேயே அடைபட்டுச் சாகிற செக்மேட்டை. சதுரங்க வரலாற்று ஆய்வாளருக்குத் தெரியவில்லை. மேதாவிக்கு எப்படித் தோற்கலாம் என்ற யோசனையில் எங்கே தோற்கிறோம் என்று தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை, சேர்த்துச் சொல்லிக்கொள்கிறேன். நாற்பது விநாடி. மறுபடி பார்த்தேன். அவருடைய பிஷப் எங்கே, ராணி எங்கே, அந்தக் கட்டத்தில் என் குதிரையை வெட்ட ஏதாவது இருக்கிறதா. ராணி தூரத்தில் என் சிப்பாயைத் தின்றுகொண்டிருக்கிறது. இல்லை. ஒன்றும் இல்லை. முப்பது. குதிரையின் காதைப் பிடித்துத் தூக்கினேன், இருபத்திரண்டு, கொண்டுபோய் வைத்தேன், பதினெட்டு.

"மேட்" என்றேன். நினைத்ததைவிடச் சத்தமாக வந்தது. ஆறேழு தலைகள் திரும்பின.

வைத்தமாநிதி முதலில் பலகையைப் பார்க்கவில்லை. கடிகாரத்தைப் பார்த்தார். கை மேலே போயிற்று. "டைம்! என் டைம் போயிடுச்சு" என்றார். "நடுவர் அம்மா, இங்க வாங்க, என் டைம் முடிஞ்சிருச்சு, அதுக்கப்புறம்தான் இவங்க ஆடினாங்க."

தஸ்லிமா எங்கேயும் போகவில்லை, முதுகுக்குப் பின்னால்தான் நின்றாள். குனிந்து கடிகாரத்தை நிறுத்தினாள். "ஒன்பது செகண்ட் இருக்கு சார்."

"நான் கடிகாரத்தை அழுத்தவே இல்லையேம்மா. அழுத்தாம அவங்க எப்படி ஆடலாம்?"

"ஆடலாம் சார். நீங்க காயை வச்சுக் கையை எடுத்துட்டீங்க. அழுத்துறதும் அழுத்தாததும் உங்க பாடு."

"அப்ப நான் டைம்லதானே தோத்திருப்பேன்? இன்னும் ஒன்பது செகண்ட்ல தோத்திருப்பேன்ல? அப்படியே போட்டுக்குங்களேன்." குரல் கெஞ்சியது. எனக்கு அருவருப்பாக இருந்தது. எத்தனையோ கனவில் இந்த ஆளைக் கெஞ்சவைத்திருக்கிறேன், அந்தக் கனவுகளில் எல்லாம் இனித்தது. இங்கே, முழங்கால் தைலமும் சாம்பாரும் கலந்து வீசுகிற இடத்தில், வயசான ஒருத்தர் தான் சரியான விதத்தில் தோற்றேன் என்று நிரூபிக்கப் பார்க்கிறார். தஸ்லிமாவுக்குப் புரியவில்லை. "ரெண்டுமே தோல்விதானே சார்? எதுக்கு சண்டை போடுறீங்க?" என்றாள், நிஜமாகவே தெரிந்துகொள்கிற மாதிரி. அப்புறம்தான் அவர் பலகையைப் பார்த்தார். நான் பார்த்துக்கொண்டிருந்தேன், அவர் கண் குதிரையிலிருந்து ராஜாவுக்குப் போனதை, ராஜாவிலிருந்து யானைக்கு, யானையிலிருந்து மறுபடி குதிரைக்கு. நாசி மயிர் ஆடவில்லை, மூச்சை நிறுத்திவிட்டார். தாளை இழுத்து எழுதினார், எனக்கு ஒன்று, அவருக்குப் பூஜ்யம். கையெழுத்துப் போட்டார். இந்தத் தடவை நான் அதை இரண்டு முறை படித்துப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன்.

கைகுலுக்காமல் போய்விட்டார். நான் காய்களை அடுக்கிக்கொண்டிருந்தேன், ஒரு சிப்பாய் கீழே உருண்டது, குனிய முழங்கால் விடவில்லை, உட்கார்ந்தபடியே காலால் பக்கத்தில் இழுத்து எடுத்தேன். சந்தோஷம் வரும் என்று உட்கார்ந்திருந்தேன். வரவில்லை. பசிதான் வந்தது. பின்கட்டுப் பக்கம் டீக்கு நடந்தேன். வாசலிலேயே அவர் குரல். நான்கு பேர். எங்கிருந்துதான் கிடைக்கிறார்களோ. "பலகையில சமமாத்தான் இருந்துச்சு. கடிகாரத்துல கோளாறு. அழுத்த மறந்துட்டேன், பார்த்துக்கிட்டே இருந்திருக்காங்க அந்தம்மா, ஒரு வார்த்தை சொல்லலை. நம்ம காலத்துல எல்லாம் இப்படியா? மார்ஃபி இருந்தா..." என்னைப் பார்த்ததும் நிறுத்தினார். நான்கு பேரும் டம்ளரைப் பார்த்தார்கள். நாக்கு மேலண்ணத்துக்குப் போகப் பார்த்தது, எனக்குத் தெரிகிறது, அந்த இடம் அதற்குப் பழக்கம். கீழே இழுத்தேன்.

"ஒரு வார்த்தை சொல்லலைதான் சார்," என்றேன். "பதினோரு நிமிஷம் பார்த்துக்கிட்டுதான் இருந்தேன். அது என் கேவலம், யார் கேட்டாலும் ஒத்துக்குறேன். ஆனா நீங்க டைம்ல தோக்கலை. மேட் ஆயிட்டீங்க. குதிரை மேட். தஸ்லிமாகிட்டக் கேளுங்க, தாளைப் பாருங்க."

டீ மாஸ்டர் நுரை பொங்க டீயை ஆற்றிக்கொண்டே இருந்தார். இவர் இப்போது ஏதாவது சொல்வார், சிரிப்பார், அம்மா கோவமா இருக்காங்க என்பார் என்று காத்திருந்தேன். திருச்சியைப் பற்றியும் கேட்டுவிடலாம் என்று வாய்வரைக்கும் வந்தது. கேட்கவில்லை. கேட்டால் மறந்துவிட்டது என்பார், அது நிஜமாகவும் இருக்கும், அவர் மறந்துபோன ஒன்றை நான் நாற்பது வருஷம் தூக்கிச் சுமந்தேன் என்று இவர் வாயால் கேட்க எனக்குச் சக்தி இல்லை. நான்கு பேரில் ஒருவர், நெற்றியில் சந்தனம் வைத்தவர், என்னிடம் திரும்பினார். "குதிரை மேட்டா? எங்க வச்சீங்க?" என்றார். கேலி இல்லை, நிஜ ஆர்வம், ஆடுகிறவனுக்கு வருகிற பசி. பக்கத்து மேஜையில் பயிற்சிக்கு வைத்திருந்த பலகை ஒன்று சும்மா கிடந்தது. நான் டீயை ஓரமாக வைத்துவிட்டு அடுக்க ஆரம்பித்தேன். ராஜா மூலையில், இரண்டு சிப்பாய், பக்கத்தில் யானை, என் ராணி, என் பிஷப். குதிரையை வைத்தேன்.

"ஐயையோ," என்றார் சந்தனக்காரர். "யானையை ஏன் சார் அங்க வச்சீங்க?"

வைத்தமாநிதி போய்விடுவார் என்று நினைத்தேன். போகவில்லை. டம்ளரோடு ஒரு அடி நகர்ந்தார், அப்புறம் இன்னொரு அடி. என் தோளுக்குப் பக்கத்தில் வந்து நின்று பலகையைப் பார்த்தார். அவர் சட்டையில் நாப்தலின் உருண்டை வாசனை. "யானையை விட்டுட்டு இந்தச் சிப்பாயைத் தள்ளியிருந்தா?" என்றார், யாரிடமும் இல்லை, பலகையிடம்.

"தள்ளினாலும் தோல்விதான் சார். பத்து மூவ் கூட."

"இல்லைம்மா. பாரு, பிஷப்புக்கு வழி அடைஞ்சிரும்." டம்ளரைக் கீழே வைத்தார். சிப்பாயை எடுத்தார், கொஞ்ச நேரம் அதைக் காற்றில் வைத்திருந்தார், ஒரு கட்டம் முன்னால் வைத்தார். தப்பு. மகா தப்பு. குருடன்கூட வைக்க மாட்டான். இந்த ஆள்தான் மாநில அணிக்கு ஆடியிருக்கிறார். நான் ராணியைக் கையில் எடுத்தேன்.